பசை காயும் வரை: வீட்டுக் கைவினை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்திருக்கும் கடிதங்களில் புதிய மாதிரிகளைக் கேட்டவை குறைவு. ஆசையாகச் செய்த பொருள் சுருங்கிவிட்டது, உரிந்துவிட்டது, நிறம் மங்கிவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியவையே மிகுதி. ஆகவே மாதிரிகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பொருள்களின் இயல்பைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: தோழியின் திருமண நாளுக்காக நானே ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். கெட்டி அட்டையின் மேல் வண்ணத்தாளை ஒட்டிய சிறிது நேரத்திலேயே தாள் அலை அலையாகச் சுருங்கிவிட்டது. மடித்த இடமும் நார் நாராகப் பிரிந்து நிற்கிறது. அடுத்த முறை, திறந்தவுடன் உருவம் எழுந்து நிற்கும் அட்டையைச் செய்ய விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தாள் சுருங்கியதற்குக் காரணம் பசையில் உள்ள தண்ணீர். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் தண்ணீரின் பங்கு அதிகம். அந்த ஈரம் தாளின் நார்களுக்குள் புகுந்து அவற்றை உப்ப வைக்கிறது; காயும்போது நார்கள் மீண்டும் இறுகுகின்றன; ஆனால் அதற்குள் தாள் அட்டையோடு பிடித்துக்கொண்டுவிடுவதால், விரிந்த பகுதி போக இடமில்லாமல் அலையாக எழுந்து நின்றுவிடுகிறது. மெல்லிய தாளை ஒட்டுவதற்குக் குச்சிப் பசையோ இருபக்கமும் ஒட்டும் டேப்போ போதும். வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், அதை மெல்லிய தாளில் தடவாமல் கெட்டி அட்டையில் தடவுங்கள். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பால் பசையை இழுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மெல்லிதாகப் பரப்பிய பின் தாளை நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவி ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள்.

மடிப்பு பிரிந்ததற்குக் காரணம் வேறு. இயந்திரத்தில் தயாராகும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு இணையாக மடித்தால் மடிப்பு கத்தி போல் விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து வெளியே நீட்டிக்கொள்ளும். திசையைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையை மடித்துவிடாமல் நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாகவே நார்கள் இருக்கின்றன. மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அடிக்கோலை ஒட்டி அழுத்தி இழுத்து ஒரு தடம் பதித்துக்கொள்ளுங்கள். மடித்த பின் கரண்டியின் முதுகால் ஒரு முறை தேய்த்துவிடுங்கள். நகல் எடுக்கும் சாதாரணத் தாள் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) எடை கொண்டது, வாழ்த்து அட்டைக்கு 200 முதல் 250 ஜி.எஸ்.எம். வரை உள்ள அட்டை நன்றாக நிற்கும்.

எழுந்து நிற்கும் உருவத்திற்கு ஒரே ஒரு கணக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் உருவத்தின் தலை மூடிய அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஏ4 அளவு அட்டையைப் பாதியாக மடித்தால், மடிப்பிலிருந்து விளிம்பு வரை 14.8 செ.மீ. இருக்கும். மடிப்பின் மேல் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டுகளை, ஒவ்வொன்றும் 4 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். வெட்டுகளுக்கு நடுவிலுள்ள பட்டையை உட்பக்கமாகத் தள்ளினால், அட்டையை நேர்கோணத்தில் திறக்கும்போது சிறிய படிக்கட்டு ஒன்று உருவாகும். அந்தப் படியின் முன்முகத்தில்தான் உருவத்தை ஒட்ட வேண்டும். வெட்டின் ஆழத்தையும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் 14.8 செ.மீ.க்குள் அடங்க வேண்டும்; ஆகவே இங்கே உருவம் 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வெட்டு தெரியாமலிருக்க வெளிப்புறத்தில் மற்றோர் அட்டையை ஒட்டுவோம் அல்லவா, அப்போது படிக்கட்டின் பின்புறத்தில் மட்டும் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலிக் கண்ணாடிப் பாட்டில்களில் அக்ரிலிக் வண்ணம் பூசிப் பூச்சாடியாக வைத்தேன். ஒரு மாதத்திற்குள் வண்ணம் தோல் போல உரிந்து வந்துவிட்டது. லேபிள் இருந்த இடத்தில் பிசுபிசுப்பும் போகவில்லை.

இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள். மண்பாண்டத்திலும் மரத்திலும் நுண்ணிய துளைகள் உண்டு. வண்ணம் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியில் அப்படிப் பிடிப்பதற்கு இடமே இல்லை. அதன்மேல் விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை இருந்தால்கூட வண்ணம் கண்ணாடியோடு ஒட்டாமல் எண்ணெயின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

முதலில் பாட்டிலைச் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். கொதிக்கும் தண்ணீரைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள். உட்புறம் சட்டென்று விரிய, வெளிப்புறம் விரியாமல் நிற்க, கண்ணாடி வெடித்துவிடும். காகிதம் உரிந்த பின் எஞ்சும் பிசுபிசுப்பின் மேல் சமையல் எண்ணெயையும் சமையல் சோடாவையும் சம அளவில் குழைத்துத் தடவி, கால்மணி நேரம் கழித்துத் தேய்த்தால் அது திரண்டு வந்துவிடும். பிறகு எண்ணெய் முழுவதும் போகும்படி சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்து, இறுதியாகப் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு முறை துடையுங்கள். அதற்குப் பின் பாட்டிலின் கழுத்தை மட்டுமே பிடிக்க வேண்டும்; உடற்பகுதியில் விரல் படக் கூடாது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, கண்ணாடிக்கென்றே விற்கும் அக்ரிலிக் எனாமல் வண்ணத்தை வாங்குங்கள். அல்லது சாதாரண அக்ரிலிக்கிற்கு அடியில் கண்ணாடியிலும் பிடிக்கும் பிரைமர் ஒன்றைப் பூசுங்கள். தூரிகையால் இழுப்பதைவிட, சிறு பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவதே நல்லது. கனமான ஒரே பூச்சு மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்றுவிடும். பின்னாளில் உரிவதும் அதுதான். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது வேறு, உள்வரை இறுகுவது வேறு. முதலாவதற்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டாவதற்குப் பல வண்ணங்களுக்கு மூன்று வாரங்கள் வரை ஆகும். அதுவரை பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். இறுகிய பிறகும் ஈரத் துணியால் துடைக்கலாமே தவிர, ஊறப் போடக் கூடாது. குடிக்கவோ உண்ணவோ பயன்படும் பாத்திரங்களின் உட்புறத்திலும் வாய் விளிம்பிலும் இவ்வகை வண்ணங்களைப் பூச வேண்டாம்.

வண்ணமே வேண்டாம் என்று தோன்றினால் சணல் கயிறு சுற்றுங்கள். 7 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலில் 20 செ.மீ. உயரத்திற்கு 3 மி.மீ. கயிற்றைச் சுற்ற ஏறக்குறைய 15 மீட்டர் பிடிக்கும். பாதிப் பாட்டிலில் கயிறு தீர்ந்து போகும் ஏமாற்றம் மிகவும் பொதுவானது என்பதால் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். அடியிலிருந்து தொடங்கி, முதல் இரண்டு சுற்றுகளுக்கு முழுவதும் பசை வைத்து, பிறகு நான்கைந்து சுற்றுக்கு ஒரு கோடு வைத்தால் போதும். ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் கீழ்நோக்கித் தள்ளி நெருக்கினால்தான் இடையில் கண்ணாடி தெரியாது.

கேள்வி: காகிதத்தில் வெட்டுவேலை செய்த விளக்குக் கூடுகளுக்குள் சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைக்கலாமா? கூடு அகலமாகத்தான் இருக்கிறது.

வைக்கக் கூடாது. கூடு எவ்வளவு அகலமாக இருந்தாலும் காற்றில் ஒரு முறை சாய்ந்தால் போதும். எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த வெப்பமே தருகின்றன. காகிதத்திற்கு அவையே பொருத்தம். ஆனால் மெழுகுவர்த்தி வடிவ எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் பொத்தான் அளவுள்ள பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். எனவே பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்ட விளக்குகளை மட்டுமே வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: பட்டமளிப்பு நாளன்று எனக்குக் கிடைத்த பூங்கொத்தை அப்படியே குவளையில் காய விட்டேன். எல்லாம் பழுப்பாகிவிட்டது. அதை மீட்க முடியுமா? இனி வரும் பூக்களை எப்படிப் பதப்படுத்துவது?

பழுப்பாகிவிட்டதை மீட்க வழியில்லை. மேலே வண்ணம் தெளித்து வேறோர் அலங்காரமாக மாற்றலாம், அவ்வளவுதான். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

பூவின் நிறம் நிலைக்க வேண்டுமென்றால் அதிலுள்ள ஈரம் விரைவாக வெளியேற வேண்டும், வெளிச்சம் படக் கூடாது. நீங்கள் குவளையில் வைத்திருந்தபோது இரண்டுமே எதிராக நடந்திருக்கின்றன. பூக்கள் வாடத் தொடங்கும்வரை காத்திராமல், பார்க்க அழகாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்; முழுவதும் விரிந்துவிட்ட பூ காயும்போது இதழ்களை உதிர்த்துவிடும் என்பதால், முக்கால் பங்கு விரிந்த நிலையே ஏற்றது. கீழ் இலைகளை நீக்கி, ஐந்தாறு தண்டுகளை மட்டும் ஒரு கட்டாகக் கட்டி, இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தலைகீழாகத் தொங்குவதால் பூவின் கனம் தண்டை நேராக இழுத்து வைக்கும். கட்டுவதற்கு நூலைவிட ரப்பர் பேண்ட் நல்லது. தண்டு காய்ந்து மெலியும்போது நூல் தளர்ந்து பூ நழுவிவிடும், ரப்பர் கூடவே இறுகும். இரண்டு மூன்று வாரங்களில் தண்டு ஒடியும் பதத்திற்கு வந்துவிடும்.

வடிவம் சிறிதும் கலையாமல் வேண்டுமென்றால் பூக்களுக்கென விற்கும் நுண்ணிய சிலிக்கா ஜெல்லைப் பயன்படுத்துங்கள். காற்றுப் புகாத டப்பாவில் 2 செ.மீ. கனத்திற்கு அதைப் பரப்பி, பூவை நிமிர்த்தி வைத்து, இதழ்களின் நடுவிலும் போகும்படி கரண்டியால் மெல்ல மெல்லச் சொரிந்து மூடுங்கள். மேலிருந்து கொட்டினால் அந்தக் கனத்தில் இதழ்கள் நசுங்கிவிடும். மெல்லிய பூக்களுக்கு மூன்று நாள்களும், அடுக்கு மிகுந்த பூக்களுக்கு ஒரு வாரமும் ஆகும். தூளை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். சிலிக்கா ஜெல்லை அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதால் முதற்செலவு வீணாகாது.

தட்டையான பூக்களை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்தில் அழுத்திவிடலாம். முதல் வாரத்தில் தாளை ஓரிரு முறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இலைகளுக்கு மட்டும் வேறு வழி உண்டு: ஒரு பங்கு கிளிசரினை இரு பங்கு வெந்நீரில் கலந்து, தண்டின் நுனியை நசுக்கி அதில் நிறுத்தி வைத்தால், தண்ணீர் வெளியேறிய இடத்தில் கிளிசரின் தங்கி, இலை நொறுங்காமல் பல ஆண்டுகள் தோல் போல் மிருதுவாக இருக்கும். நிறம் மட்டும் சற்றுக் கருக்கும்.

எப்படிச் செய்தாலும் சிவப்பு கொஞ்சம் கறுத்து வரும், வெள்ளை தந்தமாக மாறும். அதை முன்கூட்டியே மனத்தில் கொண்டு பின்னணித் தாளைத் தேர்ந்தெடுங்கள். சட்டமிட்ட பின் நேர் வெயில் படும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்குச் சுவரை அலங்கரிக்க வேண்டும். ஆனால் சுவரின் வண்ணம் பெயர்ந்து வரக் கூடாது. சுவர் 3 மீட்டர் அகலம். காகிதத் தோரணமும் காகிதப் பூப்பந்துகளும் போதுமா?

தாராளமாகப் போதும். அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் வேறு எதையும் சேர்க்காமல் இருப்பதே அழகு.

தோரணத்திற்கு ஒவ்வொரு கொடியும் மேற்புறத்தில் 15 செ.மீ. அகலம், இரண்டு கொடிகளுக்கு நடுவே 5 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஒரு கொடிக்கு 20 செ.மீ. ஆகிறது. 3 மீட்டருக்கு 15 கொடிகள். ஆனால் தோரணம் நேர்கோடாக நிற்பதைவிட நடுவில் சற்றுத் தொய்ந்து நின்றால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்காக மேலும் இரண்டு கொடிகளையும், முனைகளில் கட்ட அரை அரை மீட்டர் நூலையும் கூட்டிக்கொள்ளுங்கள். கொடிகளை முக்கோணமாக வெட்டி நூலில் ஒட்டினால் அவை திரும்பிக்கொள்ளும். அதற்குப் பதில், 15 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள சாய்சதுரமாக வெட்டி, நடுவில் மடித்து, மடிப்புக்குள் நூலை வைத்து இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டுங்கள். கொடியின் இரு பக்கமும் வண்ணமாக இருக்கும், பின்புறம் வெள்ளையாகத் தெரியாது, நூலில் தேவையான இடத்திற்கு நகர்த்தவும் முடியும்.

பூப்பந்துக்கு டிஷ்யூ தாள் எனப்படும் மெல்லிய வண்ணத்தாள் எட்டு முதல் பத்து வரை வேண்டும். எல்லாவற்றையும் ஓரம் பொருந்த அடுக்கி, 4 செ.மீ. அகலத்தில் விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் மெல்லிய கம்பியால் கட்டுங்கள். கம்பியை இறுக்கிவிடக் கூடாது. இறுக்கினால் பந்து உருண்டையாக விரியாமல் வில் போல நின்றுவிடும். இரு முனைகளையும் வளைவாக வெட்டினால் மென்மையான பூ கிடைக்கும், கூராக வெட்டினால் டாலியா போன்ற பூ கிடைக்கும். இனிமேல்தான் பொறுமை தேவைப்படும் வேலை. மேல் தாளின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியும். இரண்டு விரல்களை மடிப்புக்குள் நடுக்கம்பி வரை நுழைத்து, அடியிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். பாதித் தாள்களை மேல்நோக்கியும், திருப்பிப் பிடித்து மீதிப் பாதியைக் கீழ்நோக்கியும் விரித்தால் முழுப் பந்து. சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் விரித்தால் போதும், தாளும் பாதியாகக் குறையும். பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று அளவுகளில் செய்து, பெரியவற்றை முதலில் ஒட்டிவிட்டு இடைவெளிகளைச் சிறியவற்றால் நிரப்புங்கள். விரித்த பந்தைப் பயணத்தில் கொண்டுபோக முடியாது. விழா நடக்கும் இடத்திலேயே விரிக்க வேண்டும்.

சுவரைப் பொறுத்தவரை, இருபக்க டேப்பை நேரடியாகச் சுவரில் ஒட்டாதீர்கள். வண்ணம் பூசுவோர் ஓரங்களை மறைக்கப் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பின் துண்டை முதலில் சுவரில் ஒட்டி, அதன்மேல் இருபக்க டேப்பை ஒட்டி, அதில் அலங்காரத்தை ஒட்டுங்கள். எடுக்கும்போது டேப்பை வெளிப்புறமாக இழுக்காமல், சுவரோடு சேர்த்து மடித்து மெதுவாக உரியுங்கள். மறுநாளே எடுத்துவிடுங்கள், நாள் ஆக ஆகப் பசை சுவரோடு இறுகும். கதவின் பின்புறத்தில் ஒரு சிறு துண்டை முந்தைய நாளே ஒட்டி எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ஓய்வு பெற்று சில ஆண்டுகள் ஆகின்றன. காகிதப் பட்டைகளைச் சுருட்டி உருவங்கள் செய்யும் குவில்லிங் கற்க ஆசை. விரல்கள் முன்போல வளைவதில்லை. இந்த வயதில் தொடங்குவது சரியாக வருமா?

நிச்சயமாக வரும். மேரி டெலனி (1700–1788) என்ற ஆங்கிலப் பெண்மணி தம் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் வண்ணத்தாள்களைக் கத்தரித்துக் கறுப்புப் பின்னணியில் மலர்களை உருவாக்கத் தொடங்கினார். பார்வை மங்கும் வரையிலான பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றே குறைவான மலர்ப் படங்களைச் செய்து முடித்தார். ஒவ்வொரு மலரிலும் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருப்பதுண்டு. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாவர இயல் அறிந்தவர்களும் மெச்சும் அளவுக்கு அவை நுட்பமானவை.

விரல்களுக்கு இசைவாகச் சில மாற்றங்களைச் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் 3 மி.மீ. பட்டையில் தொடங்குவார்கள், நீங்கள் 5 மி.மீ. அல்லது 10 மி.மீ. பட்டையில் தொடங்குங்கள். நுனியில் பிளவுள்ள சுருட்டுக் கருவியை வாங்கி, அதன் கைப்பிடியில் ஸ்பாஞ்சைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பட்டையின் முடிவைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் படிப்படியாக மெலிந்திருப்பதால் ஒட்டிய இடம் தெரியாது. சுருளை இறுக்கமாகவே வைத்தால் பொட்டு. தளர விட்டு ஒரு பக்கம் கிள்ளினால் கண்ணீர்த் துளி. இரு பக்கமும் கிள்ளினால் இலை. இந்த மூன்று வடிவங்களைக் கொண்டே ஒரு முழுப் பூங்கொத்தைச் செய்துவிடலாம். தளர விடும்போது எல்லாச் சுருளும் ஒரே அளவில் விரிய, வெவ்வேறு அளவு வட்டங்கள் உள்ள அடிக்கோலின் ஓட்டைக்குள் அவற்றைப் போட்டு விரிய விடுங்கள். அரைமணிக்கு ஒரு முறை கைக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு சேர்ந்து உப்பு மாவில் தொங்கட்டான்கள் செய்தோம். காய்ந்தபோது வெடித்துவிட்டன, வெடிக்காதவையும் சில வாரங்களில் பிசுபிசுத்துப் போயின.

இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர் என்பதே அளவு. தண்ணீரை ஒரே முறையில் ஊற்றாமல், கையில் ஒட்டாத பதம் வரும் வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். தகட்டின் கனம் அரை செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கனமாக இருந்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும். உட்புற ஈரம் இடம் கொடுக்காததால் வெடிப்பு விழும். அதிகச் சூட்டில் அவசரமாகக் காய வைத்தாலும் இதே கதிதான். 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்த மின்அடுப்பில் (oven) இரண்டு மூன்று மணி நேரம், இடையிடையே திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். தொங்கவிடும் துளையை ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழாயால் இட்டுவிடுங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்ணம் காய்ந்த பின் முன்புறம், பின்புறம், ஓரம், துளையின் உட்புறம் எல்லாவற்றிலும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் நிலைக்கும். பின்புறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வீட்டில் நாய் இருந்தால் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சாகிவிடும்.

கேள்வி: கயிறுகளை முடிச்சிட்டுச் செய்யும் மேக்ரமே சுவர்த் தொங்கல் செய்யும்போது இரண்டு கயிறுகள் மட்டும் பாதியிலேயே தீர்ந்துவிட்டன. மற்றவை நீளமாக மிச்சமிருக்கின்றன.

சதுர முடிச்சில் நான்கு கயிறுகள் இருந்தாலும் முடிச்சுப் போடுபவை வெளியிலுள்ள இரண்டு மட்டுமே. நடுவிலுள்ள இரண்டும் அசையாமல் நிற்கும். ஆகவே வெளிக்கயிறுகள் வேகமாகத் தீரும். சில வரிசைகளுக்கு ஒரு முறை வெளிக்கயிற்றை உள்ளேயும் உள்கயிற்றை வெளியேயும் மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவான அளவு இதுதான்: முடிந்த நீளம் 50 செ.மீ. வேண்டுமென்றால், குச்சியில் மடித்துத் தொங்கும் ஒவ்வொரு முனையும் அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 2 மீட்டர் இருக்க வேண்டும். எனவே கயிற்றை 4 மீட்டராக வெட்ட வேண்டும். முடிச்சு மிக நெருக்கமாக வரும் வடிவங்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இப்போது தீர்ந்துபோன கயிற்றுக்கு, புதிய துண்டைப் பின்புறமாக வைத்து அடுத்த இரண்டு முடிச்சுகளுக்குள் பழைய முனையையும் சேர்த்து இறுக்கிவிட்டு, வால்களைப் பிறகு வெட்டினால் இணைப்பு வெளியே தெரியாது. அவிழ்க்க வேண்டியதில்லை.

கேள்வி: தெர்மாகோல் எழுத்துகளை ஒட்டியபோது பசை அதை அரித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பசை ஏதாவது உண்டா?

இல்லை. வாடையடிக்கும் கரைப்பான் கலந்த பசைகளும் ஸ்பிரே வண்ணங்களும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அதற்கு வெள்ளைப் பசையே சரி, காய்வதற்கு மட்டும் ஓர் இரவு ஆகும். பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னைப் பயன்படுத்தினால் குறைந்த சூட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். அதிகச் சூட்டு வகை உருக்கிவிடும். சூடாக ஒட்டிய பசை வெயில் படும் இடத்திலும் வண்டிக்குள்ளும் இளகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சட்டென்று ஒட்டும் சூப்பர் க்ளூ பஞ்சிலோ பருத்தித் துணியிலோ அதிகமாகப் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். அது சிந்தினால் பஞ்சால் துடைக்காதீர்கள்.

கேள்வி: குடும்பப் புகைப்படங்களைப் பல அளவுச் சட்டங்களில் போட்டு ஒரே சுவரில் மாட்ட விரும்புகிறேன். சட்டங்களை நானே துணியாலும் வண்ணத்தாலும் அலங்கரித்துவிட்டேன். மாட்டும் போதுதான் ஒழுங்கு வரவில்லை. ஆணி அடித்த துளைகள் ஏற்கெனவே ஏழெட்டு ஆகிவிட்டன.

பழைய செய்தித்தாளில் ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தின் பின்புறமுள்ள கம்பியை, ஆணியில் தொங்குவது போல் விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, அந்தப் புள்ளி சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, அதே இடத்தைக் காகிதத்திலும் குறியுங்கள். தளர்ந்த நிலையில் அளப்பதால்தான் பெரும்பாலும் கணக்குத் தவறுகிறது. பிறகு எல்லாத் துண்டுகளையும் மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். மொத்தத் தொகுப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 செ.மீ. உயரத்தில், நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேல் என்றால் அதன் முதுகிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே தொடங்குங்கள். சட்டங்களின் அளவுகள் வேறுபட்டாலும் இடைவெளி எங்கும் ஒன்றாக, 5 செ.மீ. அளவில் இருந்தால் ஒழுங்கு தானாக வந்துவிடும். காகிதங்களை ஓரிரு நாள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்து வேண்டியபடி நகர்த்துங்கள். மனத்திற்குப் பிடித்த பிறகு, குறியிட்ட புள்ளியில் காகிதத்தின் மேலேயே ஆணியை அடித்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். பழைய துளைகளில் பெரும்பாலானவை புதிய சட்டங்களின் பின்னால் மறைந்துவிடும். மறையாதவற்றைச் சுவர்ப் புட்டியால் அடைத்து, காய்ந்த பின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதே வண்ணத்தைச் சிறு தூரிகையால் தொட்டுவிடுங்கள்.